ஏழாவது கட்டம்

— அழிச்சுப்போடுங்க அண்ணாச்சி. மணி ரெண்டாகறதுக்குள்ள அழிச்சுப்போடுங்க.

— எதவே அழிக்கச் சொல்லுதீரு?

— எம்பேரத்தானுங்க. காலைல எமர்ஜென்சி லீவு நோட்டுல எழுதுனீங்களே, பழனிச்சாமி, சூளை செக்‌ஷன்னு. அதைய.

— மொதல்ல இரியும். சூளையில இருந்து அப்படியே ஓடி வந்திருக்கீரு, சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. தண்ணி குடியும்.

— தண்ணி கெடக்கட்டுங்க. மணி இப்பவே ஒண்ணேகால்.

— வே பழனி, நான் கல்ஃபுக்கு வந்து இந்த டைல்ஸ் கம்பெனிக் கேம்புல பதினோரு வருசமா டைம்கீப்பரா இருக்கேன். எமர்ஜென்சில எழுதுங்கன்னு கால்ல விழுந்தவனப் பாத்திருக்கேன். எழுதுனத அழிக்கச் சொல்லி ஓடி வந்தவன இப்பத்தான் பாக்கேன். காலைல பத்து மணிக்கு ஒம்ம வீட்டுக்காரி ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணுனா. நான்தான் எடுத்தேன். அழுதுக்கிட்டே பேசுனா. ஒம்ம அக்காவுக்கு ரொம்ப சீரியஸ், உடனே அனுப்பி வைங்கன்னா.

— அதெல்லாம் பொய்யிங்க.

— பொய்யா?

— சுத்தப் பொய்யிங்க. எங்கக்கா மீனாம்பா கல்லுக்குண்டாட்ட இருக்கறா. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டிருக்கறா. இந்தா, போன்ல பாருங்க. பதினொரு மணிக்கு அவளே எனக்கு வாய்ஸ் அனுப்பியிருக்கறா. சீரியஸாக் கெடக்கறவ வாய்ஸ் அனுப்புவாளுங்களா?

— போடும், கேப்போம்.

— கேளுங்க. "தம்பி, சாப்டியா? சாப்டுட்டுப் பொறப்பட்டு வா சாமி. ஒண்ணும் கேக்காத. நாங்க எல்லாரும் இருக்கறோம்." அவ்வளவுதானுங்க. அக்காளுக்கு நடிக்கத் தெரியாதுங்க. எம்பொண்டாட்டி அருணா கெஞ்சியிருப்பா, இவ சரின்னு ரெண்டு வார்த்தை பேசி அனுப்பியிருப்பா.

— பின்னால என்னமோ சத்தமா இருக்கே.

— கம்பெனி மெசினுங்க.

— சரி, ஒம்ம வீட்டுக்காரி எதுக்குவே பொய் சொல்லணும்? நீரு சொல்லாம அவளாவா சொன்னா?

— நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். ரெண்டு மாசத்துக்கு முந்தி. அப்ப உங்க புது ரூல் போர்டுல வரலீங்க. லீவு எப்பக் கெடைக்கும்னே தெரியாமக் கெடந்தேன். அருணாகிட்டச் சொன்னேன், "நான் மூணு மிஸ்டு கால் குடுத்தா நீ ஆபீசுக்குப் போன் போடு. அக்காளுக்கு சீரியஸ்னு அழு. பேசி முடிச்சதும் போன அணைச்சு வெச்சுக்கோ, யாரும் திருப்பிக் கூப்புட்டுக் கேக்கக் கூடாது"ன்னு.

— நீரு மிஸ்டு கால் குடுத்தீராக்கும்?

— இல்லீங்க. நேத்து சாயங்காலம் போட்டிம் ஆப்புல கூப்புட்டேன். நெட்டு இல்லாம கட்டாயிருச்சு. மறுபடி கூப்புட்டேன், அதும் கட்டு. மூணாவது தடவையும் அப்படியே ஆயிப்போச்சு. பாவம், அவ அதைய மிஸ்டு கால்னு நெனச்சுட்டா. சொல்லிக் குடுத்ததைய அப்படியே செஞ்சிருக்கறா பாருங்க. காலைல இருந்து போன் சுவிச் ஆப். அதுவும் நாஞ்சொன்னபடிதான்.

— அழுதாளே.

— அழுகறதும் நாஞ்சொன்னதுதானுங்க. போன வருசம் பேக்கிங் செக்‌ஷன்ல ஒருத்தம் பொண்டாட்டி சிரிப்பை அடக்க மாட்டாம மாட்டிக்கிட்டாளே, நெனப்பு இருக்குதுங்களா? அதைய சொல்லித்தான், அழுதே ஆகோணும்னு சொல்லி வெச்சேன்.

— நல்லாத்தான் அழுதா. ஆனா ஒண்ணு. யாருக்கும்மான்னு நான் கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிட்டோன்னு நெனச்சேன். பொறவுதான் அக்காவுக்குன்னா.

— யாரைச் சொல்றதுன்னு மறந்திருப்பாளுங்க. நாஞ்சொல்லிக் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சுல்ல.

— ம். திணறுனான்னா அது பொய்தான்னு நானும் அப்பவே நெனச்சேன். இருந்தாலும் எழுதிட்டேன். எழுதுறது என் வேல. விசாரிச்சு அனுப்புறது என் வேல இல்ல. அதுக்குத்தான ரூல் போட்டிருக்கு.

— அந்த ரூலுக்காகத்தானுங்க ஓடி வந்தேன். இப்ப எமர்ஜென்சில போனா எனக்குப் பத்து நாளு. திரும்பி வந்தா எம்பேரு போர்டுல கடைசிக்குப் போயிரும். அப்பறமேட்டுக்கு ரெண்டு வருசம் ஊர்ப்பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது. அப்படித்தானுங்களே?

— அப்படித்தான். ரெண்டாவது ரூல்.

— எமர்ஜென்சி பொய்யின்னு நானே வந்து ரெண்டு மணிக்குள்ள ஒத்துக்கிட்டா?

— நாலாவது ரூல். தண்டன கெடையாது. சாதா லீவு லிஸ்ட்ல பேரு முதல் எடத்துக்கு வரும்.

— நான் இப்ப நாலாவது ஆளு. முதல் ஆளாயிட்டா ஒண்ணாந்தேதி நாப்பத்தஞ்சு நாள் லீவுல போயிருவேன். ஏனுங்க அண்ணாச்சி, எம்புள்ள ஸ்வாதிக்கு இருவதாம் தேதி காதுகுத்து வெச்சிருக்குது. மொட்டையும் அன்னிக்கேதான். கொலதெய்வம் கோயில்ல. அம்மா வேண்டிக்கிட்டது. கெடா கூட அம்மாதான் வளத்துக்கிட்டிருக்குது. பொறந்தப்பப் பத்து நாள் அந்தப் புள்ளையப் பாத்தது. இப்ப ரெண்டு வயசு. போன்ல என்னையப் பாத்தா அம்மா முந்தானைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறா. இந்த நாப்பத்தஞ்சு நாளும் போச்சுன்னா நான் அவளுக்கு யாருங்க?

— ரூல நல்லாத்தான் படிச்சிருக்கீரு.

— மெஸ்ஸுக்கு வெளிய ஒட்டியிருக்கறதை எல்லாருந்தான் படிக்கறாங்க. சோத்துக்கு நிக்கறப்ப வேற என்னத்தப் பாக்கறது?

— நான் அத எப்படிப் போட்டேன்னு ஒமக்குத் தெரியுமா? மேனேஜர், பொய் சொன்னவனுக்கு ஃபைன் போடு, வார்னிங் லெட்டர் குடுன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். ஒத்துக்கிடுதவனத் தண்டிச்சா எவன் சார் ஒத்துக்கிடுவான், பயந்துபோயி பொய்யோடவே ஊருக்குப் போயிருவான்னேன். பொய்யச் சொல்லுதது நஷ்டமா இருக்கணும், திருப்பி எடுக்கது லாபமா இருக்கணும். அப்பதான் வரிசை நேரா நிக்கும். ஆறு மாசம் யோசிச்சேன் வே. பிஎஸ்சி கணக்க ரெண்டாவது வருசத்தோட விட்டவன்தான். ஆனா இந்தக் கணக்க விடல.

— நல்ல ரூலுங்க. நான் குத்தஞ்சொல்லலீங்க.

— முன்னால எப்படி இருந்துச்சு? சூளையில நூத்தி எழுவது பேரு. வாரத்துக்கு ஒருத்தனத்தான் எமர்ஜென்சில விடுவாவ. வாரத்துக்கு ஏழு பேருக்கு அப்பன் சாவுதான். ஒருத்தன் ஒரே அம்மைய மூணு வருசத்துல மூணு தடவ கொன்னான். மூணாவது தடவ நான் பழைய நோட்டப் புரட்டிக்கிட்டு இருக்கப்பவே அவன் ஏர்போர்ட்டுல நிக்கான். அதுக்குத்தான் ஏழாவது கட்டத்தப் போட்டேன்.

— அது என்னதுங்க?

— இந்தா பாரும். பேரு, நம்பர், செக்‌ஷன், ஊரு, கடைசியாப் போன தேதி, எத்தன நாளு. ஏழாவது கட்டத்துல, ஏற்கெனவே செத்தவங்க. இங்ஙன ஒருத்தர் பேரு ஏறிட்டா அவரு பேரச் சொல்லி மறுபடி லீவு கேக்க முடியாது. கம்ப்யூட்டர் செவப்பு காட்டிரும். ஒமக்கு என்ன போட்டிருக்குன்னு வாசியும்.

— அம்மா.

— ஆமா. அம்மா. ரெண்டு வருசத்துக்கு முந்தி, மாரடைப்பு.

— அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்களே. அதனாலதான் அருணாகிட்ட, "அம்மா பேர மட்டும் சொல்லிப்போடாத, அங்க அம்மா செத்தாச்சு, யாருக்குன்னு கேட்டா அக்கான்னு சொல்லு"ன்னு தெளிவாச் சொல்லி வெச்சேன்.

— ஒம்ம அம்மைக்குத் தெரியுமா, தான் செத்தது?

— அதுதானுங்க சொல்லுச்சு. ஸ்வாதி பொறந்தப்ப அருணாளுக்கு ரெத்தம் நெம்பப் போச்சு. நான் போகோணும்னு தவிச்சேன். புள்ளை பொறந்ததுக்கெல்லாம் எமர்ஜென்சி கெடையாதுன்னுட்டாங்க. அம்மா போன்ல, "அட, என்னையச் செத்தேன்னு சொல்லிட்டு வா சாமி. நாக்குல செத்தா ஆயுசு கூடும்"னுச்சு. வந்து எறங்குனா, வாசல்ல நின்னு, "செத்தவ கையில ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு உள்ள போ"ங்குது. சிரிச்சுட்டோம் எல்லாரும். ஒம்பது நாள் கொழந்தையக் கையில வாங்கினேன்.

— அந்த வாரம் இங்க என்ன நடந்துச்சுன்னு தெரியுமா ஒமக்கு?

— தெரியுமுங்க.

— என்ன தெரியும்?

— நுஃமான் பாய்ங்க. காயல்பட்டினம். எனக்கு மேல் கட்டில்.

— அவன் வாப்பாவுக்கு முடியலன்னு அதே நாளு போன் வந்துச்சு. ஒமக்கு அரை மணி நேரம் பின்னால. அந்த வாரத்துச் சீட்டு ஒம்ம அம்மைக்குப் போயிட்டு. அவன அடுத்த வாரம் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். ஆறாம் நாளு வாப்பா மவுத்தாயிட்டாரு. "ஒரு தடவ மொகத்தப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே போனாராம் அண்ணாச்சி"ன்னு இந்த நாற்காலிலதான் இருந்து சொன்னான். அழக்கூட இல்ல. நீரு திரும்பி வந்தப்ப ஒம்மகிட்ட என்ன கேட்டான்?

— "அம்மாவ நல்லபடியா அடக்கம் பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டாருங்க. பண்ணியாச்சு பாய்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டு, "உங்களுக்காச்சும் குடுத்து வெச்சிருந்துச்சு"ன்னாருங்க. அன்னிக்கிருந்து நான் ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்கலீங்க அண்ணாச்சி. எம்புள்ளை மொகத்தை நெனச்சா அவரு மொகமும் கூட வருது. அந்தப் பத்து நாளை வேண்டாம்னு சொல்லவும் முடியலை, வெச்சுக்கவும் முடியலை. அருணாளுக்குக் கூட நான் இதைச் சொல்லலீங்க.

— அவன் விசா முடிச்சுப் போனப்ப நான் கணக்குப் போட ஆரம்பிச்சேன். ஒரு பொய்யி ஒரு உண்மைய மிதிச்சிட்டுப் போகக் கூடாதுன்னு. ரூல் போட்டேன். போர்டு வச்சேன். ஆனா எத்தன ரூல் போட்டாலும் சீட்டு ஒண்ணுதான பழனி? நூத்தி எழுவது பேருக்கு ஒரு சீட்டு. அத நான் வெட்டி வெட்டிப் பங்கு வைக்கேன். சில நாளு அந்தப் போர்டப் பிடுங்கி சூளைக்குள்ள எறிஞ்சிரலாமான்னு இருக்கு.

— இன்னிக்கு எனக்குப் பின்னாடி யாராச்சும் கேட்டிருக்கறாங்களா?

— கேட்டிருக்கான். மணிகண்டன். மதுரப் பையன், கிளேசிங் லைன்ல இருந்து சூளைக்கு வந்தான்லா, அவன். ஒமக்கு இருபது நிமிசம் பின்னால. பொண்டாட்டி அகிலாவுக்கு எட்டாம் மாசம், ஃபிட்ஸ் வந்து பெரியாஸ்பத்திரில போட்டிருக்காவளாம். ஆஸ்பத்திரிச் சீட்டு போட்டோவே அனுப்பியிருக்காவ.

— அப்ப அது நெசம்.

— நெசம்தான். ஆனா சீட்டு ஒம்ம பேருல இருக்கு. காலைல இருந்து வெளிய படிக்கட்டுல இருக்கான். நீரு வரும்போது பாக்கலையா?

— தலைய முட்டிக்காலுக்குள்ள வெச்சு ஒருத்தன் உக்காந்திருந்தான். தூங்கறான்னு நெனச்சேன்.

— வே மணி, இங்ஙன வாரும்.

— பாலகுருண்ணே, கூப்புட்டீங்களாண்ணே? எதுவும் தகவல் வந்துச்சாண்ணே?

— தகவல் ஒண்ணும் இல்ல. பழனி வாபஸ் வாங்குதேங்காரு.

— எதுக்குண்ணே? அவரு அக்கா...

— அக்காளுக்கு ஒண்ணுமில்லை தம்பி. நல்லா இருக்கறா. நீ கெளம்பு.

— எனக்காகச் சொல்லாதீங்கண்ணே. நான் அங்குட்டே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், பாதி கேட்டுச்சு, பாதி கேக்கல. என்னயப் பாவம் பாத்து உங்க அக்காவ விட்றாதீங்க. அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?

— பாவமெல்லாம் இல்லை. எனக்கு லாபந்தான். ஒண்ணாந்தேதி நாப்பத்தஞ்சு நாள் போறேன். அண்ணாச்சி ரூலு அப்படி. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

— நெசமாவாண்ணே?

— நெசமாத்தான். காலைல இருந்து ஏதாச்சும் சாப்டியா?

— தண்ணி கூட எறங்கலண்ணே. ரெண்டு உசுரண்ணே. எதக் காப்பாத்தணும்னு என்னயக் கேக்குறாய்ங்க. போன்ல கேக்குறாய்ங்க. அவ மொகத்தப் பாக்காம நான் என்னத்தண்ணே சொல்லுவேன்?

— பழனி, இங்ஙன பாரும். மணி ஒண்ணு அம்பது. கை ரேகை வைக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ கேக்கணும்னு நானே ரூல் போட்டிருக்கேன். கேக்கேன். ஒம்ம எமர்ஜென்சி பொய்யின்னு நீராவே ஒத்துக்கிடுதீரா?

— ஒத்துக்கறேனுங்க.

— வாபஸ் வாங்குன பொறவு மறுபடி எழுதச் சொல்ல முடியாது. அஞ்சாவது ரூல். ஆறு மாசத்துக்கு எமர்ஜென்சியே கெடையாது. யாரு செத்தாலும் சரி, பொழைச்சாலும் சரி. இல்லன்னா பயலுவ எழுதுததும் அழிக்கதுமா வெளையாடிருவானுவ. தெரியுமா?

— தெரியுமுங்க. எங்க வெக்கோணும்?

— அழுத்தி வையும். சூளைக்காரன் வெரல்ல ரேகையே இருக்காது. இன்னொரு தடவ. ஆங், கலாஸ், முடிஞ்சுது. மணி, நீரு இங்ஙன வையும். பாஸ்போர்ட் கையில இருக்கா? ரெண்டரைக்கு வேன். ஷார்ஜால இருந்து ஆறு மணி ஃப்ளைட்டுல, மதுரைக்குப் போற வழியப் பாத்து டிக்கெட் போடச் சொல்லுதேன். போயி ஒரு சட்டைய மாத்திக்கிட்டு வாரும்.

— பழனிண்ணே, கையக் குடுங்கண்ணே. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. புள்ள நல்லபடியாப் பொறந்தா உங்க பேரத்தாண்ணே வைப்பேன்.

— பொம்பளப் புள்ளையாப் பொறந்தா?

— உங்க அம்மா பேரு சொல்லுங்கண்ணே. அத வைக்கிறேன்.

— கருப்பாயி. இந்தக் காலத்துல அந்தப் பேரெல்லாம் யாரு வெப்பாங்க? போ சாமி, போ. வேன் வந்துரும்.

— வாறேண்ணே. பாலகுருண்ணே, வாறேண்ணே.

— ஓடிப்போறான் பாரும். செருப்ப விட்டுட்டுப் போறான். ஏ மணி, செருப்பு. ம், கேக்கல.

— நான் குடுத்துட்டு வரேனுங்க.

— இரியும். அவன் திரும்பி வருவான். வாரும், டீ போடுதேன். இந்தப் போர்டு வச்சதுல இருந்து இன்னைக்குத்தான் வே எனக்கு ஒரு நிம்மதி. ஒரு பொய்யி தானா எறங்கி ஒரு உண்மைக்கு எடம் விட்டிருக்கு. நுஃமானுக்கு ஒரு மெசேஜ் போடணும்.

— வேண்டாமுங்க. அவருக்கு அம்மா விசயம் தெரியாது. நானே ஒரு நாளு சொல்றேன். காயல்பட்டினத்துக்குப் போயி நேர்ல சொல்லோணும். இந்த லீவுல போறேன்.

— அடிச்சாலும் அடிப்பான்.

— அடிச்சா நல்லதுங்க.

— அந்தா, வேன் சத்தம் கேக்கு. போயிட்டான். செருப்பு இங்கயே கெடக்கு. வெறுங்காலோடவா ஏறிட்டான்? சரி, ஒம்ம அம்மைக்குப் போனப் போட்டு நல்ல சேதியச் சொல்லும். ஒண்ணாந்தேதி வாறேன்னு.

— மத்தியானம் ரெண்டு தடவ போட்டேனுங்க. எடுக்கலை. எப்பவும் ரெண்டாவது ரிங்குலயே எடுத்துரும். நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும், போனை டப்பாவுல போட்டு வெச்சிருக்கும்.

— இப்பப் போடும்.

— அடிக்குது. அடிச்சுட்டே இருக்குது. எடுக்கலை.

— அங்க இப்ப மணி நாலு இருக்குமே. நூறு நாள் வேல முடிஞ்சிருக்குமே.

— கெடாயைப் புடிச்சுட்டு மேக்கப் போயிருக்குமுங்க. அது கெடாயை ஒரு நிமிசம் உடறதில்லை.

— அருணாவுக்குப் போடும்.

— சுவிச் ஆப்தானுங்க. நான் சொன்னா அப்படியே செய்யறவ அவ. சாயங்காலம் ஆனாத் தானா எடுப்பா.

— அக்காவுக்கு?

— கம்பெனில போனை வாங்கி வெச்சுக்குவாங்க அண்ணாச்சி. காலைல உள்ள போறப்பக் குடுத்தா சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கைக்கு வரும்.

— காலைல உள்ள போறப்பவே குடுத்திரணுமா?

— ஆமாங்க. எட்டு மணிக்கு.

— அப்ப பதினொரு மணிக்கு வாய்ஸ் எப்படி அனுப்புனா?

— அதுங்க... இங்க பதினொண்ணுன்னா அங்க பன்னெண்டரை. சோத்து நேரம். சோத்து நேரத்துல கூடக் குடுக்க மாட்டாங்க. தெரியலீங்களே. லீவு போட்டிருப்பாளோ என்னமோ.

— அந்த வாய்ஸ இன்னொரு தடவ போடும். சத்தத்தக் கூட்டும்.

— "தம்பி, சாப்டியா? சாப்டுட்டுப் பொறப்பட்டு வா சாமி..."

— இது மெசின் இல்ல வே. கேளும். அந்தா, விசில். கண்டக்டர் விசில். பஸ்ஸுல இருக்கா ஒம்ம அக்கா.

— பஸ்ஸா? இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க. எங்க போறா? ஊருக்கு வந்தா ஞாயித்துக்கெழமைதான் வருவா, அம்மாளப் பாக்க.

— "நாங்க எல்லாரும் இருக்கறோம்"ங்கா. எல்லாருன்னா யாரு வே? நடிக்கவ எதுக்கு ஒம்மகிட்ட நடிக்கணும்? நாடகம் ஆபீசுக்குத்தான?

— இருங்க, அம்மாளுக்கு மறுபடி போடறேன். அடிக்குது, எடுக்கலை.

— என் தங்கச்சி மாப்பிள்ளை செத்தப்ப எனக்கும் இப்படித்தான் சொன்னாவ. சாப்டியான்னு கேட்டாவ. கெளம்பி வான்னாவ. வெளிநாட்டுல இருக்கவன்கிட்ட எவனும் போன்ல உண்மையச் சொல்ல மாட்டான். எனக்கு இது முன்னாலயே தோணியிருக்கணும். காலைல அந்தப் பிள்ள பேசும்போதே தோணியிருக்கணும்.

— என்னுங்க அண்ணாச்சி, நீங்க என்னமோ பேசறீங்க. அக்கா நல்லா இருக்கறா. அவ கொரலுதானுங்களே இது?

— அக்கா நல்லாத்தான் இருக்கா. நான் அக்காவக் கேக்கல. யாருக்கும்மான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தா. நான் வேற, "ஏழாவது கட்டத்துல இல்லாத ஆளாச் சொல்லும்மா, இல்லன்னா கம்ப்யூட்டர் எடுக்காது"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போன்ல யாரு வந்தாலும் நான் சொல்லுததுதான் அது.

— அண்ணாச்சி, வேனு எங்க போயிருக்கும்?

— பழனி, என் மொகத்தப் பாத்துச் சொல்லும். ஒம்ம அம்மைக்கு மெய்யாவே ஒண்ணுன்னு வச்சுக்கிடும். நம்ம நோட்டுல அவ செத்து ரெண்டு வருசம். ஒம்ம வீட்டுக்காரி இங்ஙன போன் பண்ணி யாரு பேரச் சொல்லுவா?

— அக்கா பேரத்தானுங்க சொல்லுவா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.